நாற்பத்திரண்டு தோள்களில் ஒரு வீடு

1

இந்தக் கதை ஒரு பன்னில் பிறந்தது. காகிதப் பெட்டி, உள்ளே சாக்லேட் வைத்த பன் ஒன்று, மூடி ஒட்டிய தண்ணீர்க் கோப்பை ஒன்று. பக்கத்து வீட்டு லாசியம் அக்கா பெட்டியைத் திறந்து, பன்னை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதத் தின்னுட்டு வீட்டத் தூக்கணுமாம். பஞ்சத் தூக்கறதுக்குக்கூட இது காணாது.”

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும். இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் எங்கள் கெடுங்லோ கிராமத்துக்குப் பேருந்து பிடித்து வந்து நேரில் பார்த்துக்கொள்ளலாம். பேருந்து சந்தை நாளில் மட்டும்தான் வரும்.

2

முதல் தொடக்கம்:

“லாவு மலையிலிருந்து இறங்கிய மழை, கெடுங்லோவின் ஓட்டுக் கூரைகள் மீது ஒரு பழைய துக்கத்தைப் போல...”

நிறுத்திவிட்டேன். தூரதேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துக் கெட்டுப்போனவர்களுக்கு முதல் வரியில் மழை பெய்தாக வேண்டும். லாசியம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“ஆகஸ்டு மாசத்துல ஏது மழை?”

“கதைக்காக, அக்கா.”

“உன் கதைக்காகப் பெய்யுதுன்னா, பெய்யறப்பச் சொல்லு. கொடியில துணி கிடக்கு.”

இரண்டாம் தொடக்கம்: “ஹார்தோனோ கெட்டவர்.” சின்ன வாக்கியம், நல்ல வீச்சு. ஆனால் பொய். அக்காவின் முழங்கால் வலிக்கு ஜகார்த்தாவிலிருந்து களிம்பு வாங்கி வந்து கொடுத்தவர் அவர். களிம்பு கேட்டது. கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

மூன்றாம் தொடக்கம்தான் நிலைத்தது.

3

பர்ஜிமான் இருபத்திரண்டு வருஷமாக ஊற்றுக்குக் கீழே இருக்கும் வயலை வாரத்துக்கு உழுதுவருபவர். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி நிலத்துக்காரிக்கு. நிலத்துக்காரி செமராங் நகரத்தில் இருந்தபடியே அதை விற்றுவிட்டார். வாங்கியவர் ஹார்தோனோ. வயது ஐம்பத்திரண்டு. தலைநகரில் முப்பத்தோராம் மாடியில் வேலை பார்த்துக் களைத்து, நிம்மதி தேடி எங்கள் ஊருக்கு வந்தவர். வரும்போது நிம்மதிக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு திட்டமும் போட்டுக் கொண்டுவந்தார். பளபளப்பான தாள். நான்காம் பக்கத்தில் பர்ஜிமானின் படம், கீழே “உள்ளூர்ச் சமூகம்” என்று எழுதியிருந்தது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கத்தில் இடம் இல்லை போல.

வயல் வரப்பில் நின்று ஹார்தோனோ பேசினார். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஆண்களை ‘பாக்’ என்றுதான் அழைப்போம்.

“பாக் பர்ஜிமான், நான் இங்க முதலீடு பண்ண வந்தவன் இல்ல. வாழ வந்தவன். முதலீடு சும்மா கூடவே வந்துருச்சு.”

“சரிங்க பாக்.”

“இந்த வயலு நடுவுல ஒரு பழைய மரவீடு நிக்கப்போகுது. கீழ்த்தெருவுல வாங்கிட்டேன். விருந்தாளிங்க வந்து தங்குவாங்க, கிராமத்து வாழ்க்கைய வாழ்ந்து பாப்பாங்க. ரெண்டு ராத்திரி, மூணு பகல்.”

பர்ஜிமான் நெல்லைப் பார்த்தார். கதிர் பால் பிடிக்கிற பருவம். “இது அறுக்க இன்னும் ஒரு மாசம் இருக்குங்களே, பாக்.”

“மொத விருந்தாளிங்க வர்ற தேதி குறிச்சாச்சே. கவலப்படாதீங்க, முழுசா அழிக்கல. ஓரமா மூணு வரிசை நெல்லு நிக்கும். அவங்க சேத்துல எறங்கி நாத்து நட்டுப் படம் எடுத்துக்குவாங்க. நீங்க பக்கத்துல நின்னு சிரிக்கணும்.”

“சிரிக்கறதுங்களா?”

“இயல்பா. கோடு போட்ட சட்டை, தலைக்கட்டு எல்லாம் நானே தைச்சுத் தர்றேன். இனிமே நீங்க கூலி இல்ல, வாரம் இல்ல. நீங்கதான் மேலாளர்.”

“சரிங்க பாக்.”

(இந்த இடத்தில் பர்ஜிமானுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். அலைகள், வேர்கள், மௌனம் என்றெல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் காலில் அட்டை கடித்துக்கொண்டிருந்தது. பெரிய மனிதர் பேசும்போது குனிந்து அட்டையைப் பிடுங்குவது மரியாதையில்லை என்று நின்றார்.)

வீட்டில் அவர் மனைவி லாசியம் அக்கா கேட்டார்.

“என்ன சொன்னாரு, பாக்னே?”

“சிரிக்கணுமாம்.”

“கல்யாணத்தன்னிக்கே நீங்க சிரிக்கல. அத நம்பி ஒருத்தர் வியாபாரம் தொடங்கறாரா? நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.”

“வேற வார்த்தையே உங்க வாயில மொளைக்காதா?”

“மூஞ்சிக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்றது, லாசியம்?”

“அவரு திரும்பறப்ப முதுகுக்கு நேராச் சொல்லுங்க. அதுக்கும் ஆளு வெச்சுக்கவா?”

4

கொஞ்சம் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் அங்கே ஒன்றும் புரியாமல் இங்கேதான் திரும்பி வருவீர்கள்.

எங்கள் பக்கத்தில் மரவீடுகள் இடம் மாறும். ஓட்டை இறக்கி, சுவர்ப் பலகையைக் கழற்றி, தூண்களோடு மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஊர் ஆண்கள் உள்ளே புகுந்து தோள்கொடுத்து, எலும்புக்கூடாக நிற்கும் வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கூலி கிடையாது. இதற்குச் சம்பத்தான் என்று பெயர். நீ என் வீட்டுக்குத் தோள் கொடு, நான் உன் கிணற்றுக்கு மண் எடுக்கிறேன். எவரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. ஒருவருக்கும் மறப்பதுமில்லை.*

இதில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, வீடு எங்கே இறங்குகிறதோ அங்கேதான் பந்தி. இரண்டு, ஒருமுறை இறக்கிய வீட்டை மறுபடி தூக்க வேண்டுமானால், மறுபடி வாசல் வாசலாகப் போய் அழைக்க வேண்டும். அழைக்கும் தகுதி, மற்றவர் வீட்டுக்குப் போய் வந்தவனுக்குத்தான்.

பர்ஜிமான் முப்பது வருஷமாக ஒரு சம்பத்தானையும் விட்டதில்லை. கிணறு, கூரை, பாலம், எல்லாவற்றிலும் அவர் தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். தனக்கென்று ஒருமுறைகூட யாரையும் அழைத்ததில்லை. ஹார்தோனோவின் மொழியில் சொன்னால், கெடுங்லோவிலேயே பெரிய முதலீட்டாளர் அவர்தான்.

ஹார்தோனோ? பள்ளிவாசல் கூரை ஏற்றிய அன்று, ஓட்டுநரிடம் இரண்டு பெட்டி ஆரஞ்சுச் சாறு கொடுத்தனுப்பினார். “மனதால் உங்களோடு” என்று சீட்டும் இருந்தது. மனது கனமான பொருள்தான். ஆனால் உத்தரத்தைத் தாங்கவில்லை.

* எனக்கும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வராத மூன்று பேரின் பெயர் இந்தக் கதையில் வராது. இது தற்செயல் அல்ல.

5

திட்டத்தின் ஒன்பதாம் பக்கம்: “வீட்டை நகர்த்துதல்: செலவு இல்லை. ஊர் மக்களின் அன்பு.” பாரந்தூக்கி இயந்திரம் எங்கள் வரப்பில் நுழையாது என்பதால் அன்பு தேவைப்பட்டது. அழைக்கும் வேலை மேலாளருக்கு வந்தது.

பர்ஜிமான் வாசல் வாசலாகப் போனார். எல்லா வாசலிலும் அவரை ‘காங்’, அதாவது அண்ணன், என்று அழைத்து ஒரே பேச்சு.

“யாருக்கு, காங்?”

“பாக் ஹார்தோனோவுக்கு.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த கேள்வி வரும்.

“கூப்பிடறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப வர்றேன்.”

நாற்பத்திரண்டு வாசல். முப்பது வருஷத் தோளையெல்லாம், தன் வயலின் மேல் ஒரு வீட்டை இறக்குவதற்காக அந்த மனிதர் செலவழித்துவிட்டுத் திரும்பினார்.

இங்கேதான் எனக்குப் பர்ஜிமான் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சாதுவாக ஒருவர் இருப்பாரா? வாசகர் நம்புவாரா? ஒரு இடத்தில் அவர் கையில் அரிவாளைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் போய்ப் புல் அறுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாள் பார்க்க மூப்பர் சுரோவிடம் போனார்கள். ஹார்தோனோவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும். பறக்கும் கேமராக்காரருக்கு அன்றுதான் ஒழிவு. சுரோ விரல்களை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“கெளம்பறதுக்கு நல்ல நாளு,” என்றார். “போய்ச் சேர்றதுக்குத்தான்... பாக்கலாம்.”

ஹார்தோனோ முதல் பாதியைக் கேட்டதுமே நன்றி சொல்லி எழுந்துவிட்டார்.

6

ஞாயிறு காலை. வயல் நடுவில் நெல்லை வட்டமாக அறுத்து, தூண்களுக்கான அடிக்கற்கள் பதித்தாயிற்று. அதற்கு எண்பது அடி முன்னால், வாய்க்கால் ஓரத்தில் கல்மூலை என்றொரு இடம். வயலோடு சேர்ந்து விற்கப்பட்ட நிலம்தான். கல்லைத் தவிர ஒன்றும் விளையாது. வாத்துகள் படுக்கும், மற்ற காரியங்களும் செய்யும்.

பெட்டிப் பன்கள் வந்து இறங்கின. சம்பத்தானுக்குச் சமைக்கப் பெண்களை அழைக்க வேண்டும் என்று பதினான்கு பக்கத்திலும் இல்லை. லாசியம் அக்கா எவரிடமும் கேட்காமல் ஆறு பேரைச் சேர்த்து விடியலிலிருந்தே சமைத்துவிட்டார். சோறு, தேங்காய்ப்பால் குழம்பு, பொரித்த சோயா தெம்பே, சர்க்கரை தூக்கலாகத் தேநீர். எல்லாவற்றையும் கொண்டுபோய், வாத்துகளை விரட்டிவிட்டு, கல்மூலையில் பாய் விரித்துப் பரப்பினார்.

“இங்க எதுக்கு?” என்றார் ஹார்தோனோ.

“பால் பிடிச்ச நெல்லு மேல பந்தி போட முடியுங்களா, பாக்?”

“அட, இயற்கையோட சேர்ந்து சாப்பாடு! அழகா இருக்கு.” கேமராக்காரரைக் கூப்பிட்டு அதைப் படமெடுக்கச் சொன்னார்.

பர்ஜிமான் மூங்கிலுக்கு அடியில் இல்லை. எப்போதும்போல வீட்டுக்கு முன்னால், அதைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து குரல் கொடுப்பவர் அவர். அவர் “தூக்கு” என்றால் எழும். “நில்” என்றால் நிற்கும். “இறக்கு” என்று அவர் சொல்லும் வரை எவர் சொன்னாலும் இறங்காது.

“பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு, காங்!”

“பின்னால யாரு மூங்கிலப் பிடிச்சுக்கிட்டு ஊஞ்சல் ஆடறது?”

“சர்மோதான். பன்னு தின்ன தெம்பு!”

சிரிப்போடு வீடு எழுந்தது. கூரைச் சட்டங்களுக்கு நடுவே வானம் தெரிய, நாற்பத்திரண்டு ஜோடிக் கால்கள் முளைத்து, கீழ்த்தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வாய்க்கால் கரைக்கு வந்தது. மேலே கேமரா வண்டு போல ரீங்கரித்தது. ஹார்தோனோ வயல் நடுவில், அடிக்கற்களுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். முகத்தில் நிஜமான கண்ணீர். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், என்னால் முடியவில்லை.

கல்மூலை. பர்ஜிமானின் குதிகாலில் பாய் தட்டியது. திரும்பிப் பார்த்தார். சோற்றில் ஆவி பறந்தது. தேநீர் வரிசையாக நின்றது. அக்கா அகப்பையைப் பிடித்தபடி புருஷனைப் பார்க்காமல் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நில்,” என்றார் பர்ஜிமான்.

வீடு நின்றது.

“எங்க, காங்?” சர்மோவின் குரல், மூச்சு வாங்க. “பந்தி இங்க இருக்கே?”

பர்ஜிமான் வாயைத் திறந்தார்.

7

இங்கே நிறுத்திவிட்டேன்.

ஒரு முடிவு: “இன்னும் கொஞ்சம் முன்னால,” என்கிறார். எண்பத்து நான்கு கால்கள் நெல்லுக்குள் இறங்குகின்றன. பர்ஜிமான் கோடு போட்ட சட்டையில் சிரிக்கப் பழகுகிறார். வீடு அழகாக இருக்கிறது. மூன்று வரிசை நெல்லும் அழகாக இருக்கிறது.

இன்னொரு முடிவு: “இறக்கு,” என்கிறார். தூண்கள் வாத்து எச்சத்தில் ஊன்றுகின்றன. யாரும் யாரையும் எதிர்க்கவில்லை, கை சோர்ந்துவிட்டது என்று நாற்பத்திரண்டு பேரும் மரியாதையாகச் சொல்வார்கள். மறுபடி தூக்க ஹார்தோனோவுக்குத் தோள் இல்லை, பர்ஜிமானிடம் இருந்ததும் செலவாகிவிட்டது. நெல் அறுவடை வரை நிற்கும். அடுத்த போகம் அந்த வயல் யார் கையில் என்று கேட்காதீர்கள், நிலம் ஹார்தோனோவுடையது. மேலாளர் வேலை போகும். களிம்பும் வராது.

மூன்றாவதாக, அந்த நேரம் பார்த்து மழை வந்து

(வேண்டாம்.)

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“ஏ பொண்ணே, மனுஷன வாயத் தொறக்க வெச்சு அப்படியே நிறுத்திட்டியே. ஈ பூந்துடும்.”

“அவர் என்ன சொன்னார்னு எழுதவா?”

“அதான் ஜன்னல் வழியாத் திரும்பிப் பாத்தாத் தெரியுதே, வீடு எங்க நிக்குதுன்னு.”

தெரியும். திரும்பினால் போதும். திரும்ப மாட்டேன். முன்னால போ என்றார் என்று எழுதினால் அவருக்காக உச்சுக்கொட்டுவீர்கள். இறக்கு என்றார் என்று எழுதினால் கைதட்டுவீர்கள். இரண்டுமே உங்களுக்குச் சுலபம், நீங்கள் இதுவரை ஒன்றையும் தூக்கவில்லை. ஏழு பகுதியும் மனதால் எங்களோடு இருந்தீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே உள்ளே வாருங்கள். பின்வரிசையில், இடது பக்கம், சர்மோவுக்கு அடுத்து ஒரு ஆள் புகுகிற இடம் இருக்கிறது. துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டு, மூங்கிலுக்கு அடியில் குனிந்து நுழையுங்கள். காலை அகட்டி வையுங்கள். முன்னே பாயில் சோற்று ஆவி. எதிரே பால் பிடித்த நெல். அதற்கு நடுவில் கை விரித்து அழுகிற மனிதர். முன்னால் பர்ஜிமான், வாய் திறந்தபடி. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் குரல் கொடுக்காமல் நிற்கிறார். மூங்கில்களுக்கு இடையே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, புதிதாக நுழைந்த உங்கள் முகத்தில் நிறுத்தியிருக்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள். வீடு கனக்கிறது.