ஆபிரகாமின் பிள்ளை

இயக்கக் கொடியின் மறுமுனையைப் பிடிக்கும்படி மரியரட்ணம் கண்ணால் காட்டினார். செலீன் பிடித்துவிட்டாள். அப்பாவின் சவப்பெட்டிமேல் அந்தச் சிவப்புத் துணி விழுந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

"உந்தத் துணியை எடுங்கோ," என்றாள் அம்மா, முன்வரிசைக் கதிரையிலிருந்து.

"மாவீரனைப் பெத்த மனுசன், மரியம்மா அக்கா. வெறும் பெட்டியாய் அனுப்பேலுமே?" என்றார் மரியரட்ணம்.

அப்பா பஸ்ரியன், பாண் பேக்கரியில் தட்டுக் கழுவியவர். வேலைக்குப் போக, இந்தக் குளிர் நாட்டில், மல்வேர்னில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்து செத்தார். எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

மரியரட்ணம் மைக்கைப் பிடித்தார். செபக்கூட்டமும் அவர்தான் நடத்துவார், இயக்கத்தின் கூட்டமும் அவர்தான்.

"இவரிட்ட மைக்கைக் குடுத்தால் சவமே எழும்பி ஓடும்," என்று பின்னால் யோசப் அங்கிள் முணுமுணுத்தார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"இஸ்ராயேலருக்குக் கானானைக் குடுத்த ஆண்டவர் எங்களுக்கும் ஒரு தேசம் வைச்சிருக்கிறார். இரத்தம் சிந்தாமல் மீட்பில்லை. ஆபிரகாம் தன்ர மகனைப் பலிபீடத்தில கிடத்தினான். எங்கட பஸ்ரியன் அண்ணையும் றொய்சனை மனமுவந்து தந்தவர்."

அண்ணன் றொய்சன் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வரவில்லை. மன்னாரில் இயக்கத்தின் முகாம் வாசலில், மழைக்குள் நின்று, பெடியனைத் திருப்பித் தரச்சொல்லி அப்பா கெஞ்சினார். செலீன் பக்கத்தில் நின்றாள். காவலுக்கு நின்றவன் அப்பாவைத் துரோகி என்றான். பிறகு அண்ணனின் பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

"ஆபிரகாமின்ர பிள்ளை உயிரோட வீட்டை வந்தது, தம்பி," என்றாள் அம்மா.

மரியரட்ணம் நிறுத்தினார்.

"கத்தியை ஆண்டவர் தடுத்தவர். நீங்கள் தடுத்தனீங்களே? இந்த மனுசன் தரேல்லை. நீங்கள் எடுத்தனீங்கள்."



"அக்கா துக்கத்தில கதைக்கிறா," என்றார் மரியரட்ணம். மைக்கை வாயிலிருந்து எடுக்காமல்தான் சொன்னார். "எழும்புங்கோ. எங்கட தேசத்துக்காகச் செபிப்பம்."

எழுந்தார்கள். யோசப் அங்கிளும் எழுந்தார். வன்னியில் இருக்கும் அவர் மகள் வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். அதற்கு மரியரட்ணத்தின் ஒரு சொல் வேண்டும்.

செலீனும் நின்றாள். தன் வாய் ஆமென் சொல்வது அவளுக்குக் கேட்டது.

அம்மா எழவில்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அப்பாவின் கோட் அவள் மடியில் கிடந்தது. கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டிருந்தாள்.