நோட்டில் எழுதாதவை

தலைமை ஆசிரியை என் கையெழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "பன்னிரண்டாம் தேதி. வீட்டில் சமர்த்தாக இருந்தாள். நன்றாகத் தூங்கினாள்." பக்கத்தைத் திருப்பினார். "பதிமூன்று. சமர்த்தாக இருந்தாள். பதினான்கு. மிகவும் சமர்த்து." மூன்று வருடத்து நோட்டுகள், மொத்தம் ஒன்பது, அவர் மேசையில் அடுக்கியிருந்தன. தேடிப் பார்த்தாலும் ஒன்றில்கூட ஒரு கெட்ட நாள் அகப்படாது.

"சந்தோஷமான விஷயம்தாம்மா. உங்க பொண்ணு நல்லா தேறிட்டா. அதனால அடுத்த வருஷம் அவளுக்குத் தனியா துணை டீச்சர் வேண்டாம்னு எழுதப்போறோம். இவங்களை வேற வகுப்புக்கு மாத்திடலாம். அங்க ரெண்டு பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."

'இவங்க' என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பில் என் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆசிரியை சொல்வதை அவளுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வது அவர் வேலை. அக்கா நிமிரவே இல்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். எந்தத் தட்டு, எந்த நாற்காலி, எந்த வழியாகக் கடைக்குப் போவது என்று அவள் தீர்ப்பு சொன்னால் மேல்முறையீடு கிடையாது. நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். அவளுடைய எல்லாச் சட்டையிலும் கழுத்துப் பட்டியைப் பிரித்து, லேபிளை வெட்டி எறிந்து, தையலை வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்திருக்கிறேன். அவள் தோலுக்கு ஒரு நூல் உறுத்தினாலும் அன்றைய நாள் போச்சு.

அந்த நோட்டு அவள் பையில் தினமும் போய் வரும். காலையில் நான் எழுத வேண்டும், மாலையில் அக்கா எழுதுவார். இதற்கு முன்னால் சேர்த்த பள்ளியில் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கத்துவாள், கடிப்பாள், தலையை இடித்துக்கொள்வாள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மூன்றாவது வாரம், இவளுக்கு ஏற்ற இடம் இது இல்லை என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி ஒருத்தரிடமும் வாய் திறப்பதில்லை என்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக்கொண்ட நான், நோட்டில் எழுதிய கையால் கெட்டேன்.

வீட்டில் நடப்பது வேறு. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வாள். அங்கிருந்து அலறல். மேசைக் காலில் தலையை இடிப்பாள். நான் நடுவில் தலையணையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்திருப்பேன். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை. மாடி வீட்டுக்காரி தரையைத் தட்டுவாள். அடங்கிய பிறகு நோட்டை எடுத்தால், 'இன்று வகுப்பில் அமைதியாக இருந்தாள். கணக்குப் போட்டாள்' என்று அக்கா எழுதியிருப்பார். அங்கே தங்கமாக இருக்கிற பிள்ளை இங்கே இப்படி என்றால் கோளாறு என்னிடம்தானே? மூன்று வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அவர் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது, "வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்காதே. அவங்க சொல்றதைக் கேட்டுட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினார். கேட்டேன். அக்கா இல்லாத வகுப்பில் ஜட்ஜம்மா தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தாங்காது. மறுபடி பையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"மேடம், அது பூரா பொய்" என்றேன்.

"எது?"

"ஒம்பது நோட்டும்."

அப்புறம் என் வாய் நிற்கவில்லை. மேசைக்கடி, தலையணை, மாடி வீட்டுக்காரி, பழைய பள்ளி என்று கொட்டித் தீர்த்தேன். அழக்கூடாது என்று வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம்," என்றார் அக்கா. "நான் எழுதினதும் அப்படித்தான்."

அவர் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினார். பழைய பற்குறிகள், மங்கியும் மங்காமலும். "மதிய மணி அடிச்சா அவளால தாங்க முடியாது. விளையாட்டுச் சாமான் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் பாய்க்கு நடுவுல உக்காத்தி வைப்பேன். அரை மணி நேரம் ஆகும். அப்புறம்தான் கணக்கு. இவங்க காலையில நல்லா இருந்தாள்னு சந்தோஷமா எழுதி அனுப்புறாங்க. நான் இதை எழுதினா மனசு உடைஞ்சிடுவாங்களேன்னு..."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லை. அவள் பள்ளியிலும் தவித்திருக்கிறாள். மிச்சத்தை அடக்கி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அந்தத் தவிப்பில் பாதியை ஒருத்தி தன் கையில் வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எந்தச் சாமிக்குக் கும்பிடு போட்டாலும் இவ்வளவு நன்றி எனக்கு வந்ததில்லை.

தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து. இதை நம்பித்தான் நான் மேலிடத்துக்கு வருஷா வருஷம் அறிக்கை அனுப்பியிருக்கேன், தெரியுமா?"

நாங்கள் வகுப்பில் பிடிபட்ட பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தோம். அவர் படிவத்தை இழுத்து, 'துணை தேவையில்லை' என்ற வரியைக் குறுக்கே அடித்தார்.

"முடிவு என் கையில மட்டும் இல்லம்மா. ஆதாரம் கேப்பாங்க. ஒரு மாசம் தவணை வாங்கறேன். நீங்க ரெண்டு பேரும் உள்ளதை எழுதுங்க. எத்தனை நிமிஷம் அழுதா, எதனால ஆரம்பிச்சுது, எதுல அடங்கினா, எல்லாம். அதை வச்சு நான் சண்டை போடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "பயப்படாதீங்க. பையைக் கையில குடுத்து அனுப்ப மாட்டேன்" என்றார்.

"ரொம்ப நன்றி மேடம்" என்றேன். இரண்டு முறை சொன்னேன். போதவில்லை.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விருட்டென்று எழுந்தார். "மணி அடிக்கப்போகுது" என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெற்றோர் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதால் அந்தத் தாழ்வாரத்தை நான் பார்த்ததே இல்லை. கடைசி வகுப்பு வாசலில் ஜட்ஜம்மா, சுவரோடு ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா போய்ச் சேரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாக் கதவும் திறந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, என் மகளின் கைகள் மேல் தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டார். பைகள் அவர் முதுகில் இடித்துக்கொண்டு போயின. ஜட்ஜம்மா கண்ணை மூடியபடி அவர் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.