சந்தியில் தொங்கிய என் படம்

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வவுனியாவில் கம்பஸ் இரண்டாம் வருடம். புள்ளிவிபரவியலில் பெயில். திரும்ப எழுத மூன்று கிழமை இருந்தது. முள்ளியவளையில் வீட்டுக்கு இது தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கும். மூடினால் இன்னும் படபடக்கும்.

விரிவுரையாளர் ஜெயரூபி மிஸ் ஒரு வழி சொன்னா. "படபடக்கிற நேரமெல்லாம் கொப்பியில எழுதுங்கோ. எத்தனை மணி, எந்த இடம், ஆர் பக்கத்தில."

இரண்டு கிழமை பிசகாமல் எழுதினேன். என்னோடு அறையில் இருக்கும் சுதாஜினி கொப்பியைப் புரட்டினாள்.

"தேனுகா, உனக்குச் சோதினையில பயமில்லையடி. வெள்ளி நாலரைக்கு, பஸ்ஸில, உங்கட சந்தியிலதான் தொடங்குது. ஞாயிறு திரும்பி வரேக்கையும் அங்கதான். மிச்சமெல்லாம் அதின்ர வால்."

சந்தியில் என் பனர் தொங்கியது. கம்பஸுக்கு இடம் கிடைத்தபோது ஊர்ச் சனசமூக நிலையம் கட்டியது. 'எமது மண்ணின் பெருமை' என்று எழுதி, என் அடையாள அட்டைப் படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளி பஸ்ஸால் இறங்கி, நேரே நிலையத் தலைவர் சிவராசா மாமாவிடம் போனேன்.

"மாமா, அந்தப் பனரைக் கழட்டுவமோ?"

"நானும் யோசிச்சனான் பிள்ளை. முகம் வெளிறிப்போச்சு. புதுசா அடிப்பம். இதைவிடப் பெரிசா, லைற்றும் போட்டு."

"வேண்டாம் மாமா. நான் ஒரு பாடம் பெயில்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்டுதானோ? நான் ஓ.எல். சோதினையில கணக்கு மூண்டுதரம் எடுத்தனான். நல்லகாலம், அப்ப பனர் இல்லை."

ஏணி வந்தது. பனரைச் சுருட்டியபடி, "என்ர கோழிக்கூடு ஒழுகுது, எடுக்கட்டோ?" என்றார்.

"எடுங்கோ. படம் உள்பக்கமா."

"கோழி முட்டை போடாது, பிள்ளை."

மாமாவின் வாய் அவருடைய மோட்டார்சைக்கிளைவிட வேகம். கதை முந்துவதற்குள் வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. வாசலிலேயே நின்று சொன்னேன்.

"இதுக்கோ ஒரு மாசமாச் சோத்தை அளைஞ்சுகொண்டிருந்தனி?" என்றா அம்மா. "எப்ப திரும்பச் சோதினை?"

"வியாழன்."

"அப்ப இருந்து சாப்பிட்டிட்டுப் போய்ப் படி."

கொப்பியில் எழுதினேன்: வெள்ளி, ஐந்தரை, குசினி, பக்கத்தில் அம்மா. தொடக்கத்தில் படபடப்பு. புட்டு முடியும்போது இல்லை.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். ஏழாம் பாடம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தச் சொல்லிச் சுதாஜினிக்குப் போன் எடுத்தேன்.