தண்ணீருக்குள் இருக்கும் பாதி ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் போனால், தொப்பியும் கேமராவும் அளவு டேப்புமாக ஒரு சிறு கூட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஊர் வரலாற்றுக் குழு என்று பெயர். இடிந்த மண்டபம், கால்வாய் ஓரத்துப் பழைய உப்புக் கிடங்கு, ரயில்வே கூட்ஸ் கொட்டகை என்று எதைக் கண்டாலும் நின்று அளப்பார்கள், படம் எடுப்பார்கள், இடித்துவிடாதீர்கள் என்று மனுப் போடுவார்கள். தலைவர் சங்கரநாராயணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் நூறு வயதுக்குக் குறைந்த சுவர் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மங்கை குழுவில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு இரத்தக் கொதிப்பு வந்தது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

மங்கை மாநகராட்சிப் பள்ளியில் புவியியல் டீச்சர். பிறந்தது பாளையக்குப்பம், வாக்கப்பட்டது பக்கத்திலேயே முனியன்குப்பம். இரண்டும் கடலை நம்பிப் பிழைக்கிற குப்பங்கள். நடுவே கருங்கல் கொட்டிய ஒரு தடுப்பு, அவ்வளவுதான் தூரம். வகுப்பில் அச்சடித்தது போலப் பேசுவாள். கோபமோ உற்சாகமோ வந்தால் குப்பத்துப் பேச்சு தானாக வந்துவிடும்.

"சார், நீங்க பாதி ஊரைத்தான் எழுதிகினு கீறீங்க," என்றாள் ஒருநாள் குழுக் கூட்டத்தில். "மீதிப் பாதி தண்ணிக்குள்ள கீது."

அவள் சொன்னது கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை. பார் என்பார்கள். மீன் அங்கேதான் வந்து அண்டும். கட்டுமரக் காலத்தில், கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் ஏதாவது ஓர் ஆலையின் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பிடித்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கரையிலிருக்கும் பழைய கட்டடத்தை எல்லாம் கடலுக்குள்ளிருந்து நம்பிக்கொண்டு ஒருத்தன் இருக்கிறான் என்று அவள் விளக்கியபோது, சங்கரநாராயணன் முதல் தடவையாகப் பேனாவை எடுத்தார்.

அவள் அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. வடக்கே கப்பல் வந்து போகும் வழியை ஒரு கம்பெனி ஆழப்படுத்தப் போகிறது. தோண்டிய மண்ணை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். அந்த எங்கேயாவது என்பது இந்தக் குப்பங்களுக்கு நேரே இருக்கும் கடல். பரம்பரையாக மீன் பிடிக்கும் இடங்கள் இன்னின்னவை என்று வரைபடத்தோடு காட்டினால் அவற்றை விட்டுவிடுவோம், காட்டாத இடத்தில் கொட்டுவோம் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பாரின்மேல் மண் விழுந்தால் அதோடு சரி. மீன் திரும்பி வராது. இரண்டு குப்பத்து ஆண்களும் கன்டெய்னர் யார்டில் காவல் வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே மங்கை வரைபடம் போட உட்கார்ந்தாள். இங்கேதான் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். மீன் கிடைத்த இடத்தை எந்த மீனவனும் இன்னொருவனுக்குச் சொல்ல மாட்டான். தெற்கே பிடித்தவன் வடக்கே கை காட்டுவான். கேட்டவனும் தலையாட்டிவிட்டுப் போவான், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது, அதிலும் இடத்துக்குக் கள்ளப் பெயர் வைத்துத்தான் பதிவார்கள். மங்கைக்கு இது தெரியாதா? இந்தப் பொய்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள். ஆனால் குப்பமே மண்ணாகப் போகிற நேரத்திலும் மனுஷன் பொய் சொல்வானா என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது, டீச்சராகிவிட்டதால் வந்த வினை.

இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தும் சம்மதித்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து காதோடு காதாக ஜி.பி.எஸ். எண்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாளையக்குப்பத்திலிருந்து அவள் அண்ணன் பொன்ராஜ் போனில் சொன்னான். கடைசியாக அவள் கணவன் பாஸ்கர், ஒரு சாயங்காலம் அடுப்பங்கரையில் வந்து குந்திக்கொண்டு, "எழுதிக்கோ," என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயால் அவளிடம் இடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தாள்.

வரைபடம் பிரமாதமாக வந்தது. நீலக் கடலில் மஞ்சள் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர். சங்கரநாராயணன் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றை மீன் ஏலக் கொட்டகையில் ஒட்டினார்கள். அந்த வாரம் அதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போன படகுகள் இரண்டு குப்பத்திலும் காலி வலையோடு திரும்பின. "இன்னாங்க, யாருக்குமே மீன் இல்லியாமே?" என்று மங்கை கேட்டதற்கு, "நீரோட்டம் சரியில்ல," என்று பாஸ்கர் முகத்தைக் கழுவப் போய்விட்டான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடுவே நடக்க வழி விட்டு, இந்தப் பக்கம் முனியன்குப்பம், அந்தப் பக்கம் பாளையக்குப்பம், பெண் வீடு மாப்பிள்ளை வீடு போல உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மங்கையும் சங்கரநாராயணனும். மேடையில் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி, பொறுமைசாலி. மங்கையின் வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி, "இந்த மாதிரி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. இதில் இருக்கும் ஒரு இடத்தைக்கூட யாரும் தொட முடியாது," என்றார். வரலாற்றுக் குழுவினர் கை தட்டினார்கள்.

பிறகு கம்பெனி இன்ஜினியர் எழுந்தார். அவரும் மரியாதைக்காரர்தான். "ரொம்ப நன்றி. இந்த மேப் இருந்ததால எங்களுக்கும் வேலை சுலபமாச்சு. யாரும் மீன் பிடிக்காத இடமாப் பார்த்து எடுத்துக்கிட்டோம்," என்று சொல்லி, மஞ்சள் புள்ளியே இல்லாத வெறும் நீலத்தின்மேல் சிவப்பில் ஒரு கட்டம் போட்டார்.

"இதுக்கு ஆட்சேபம் இருந்தா இன்னிக்கே சொல்லிடணும். இதுதான் கடைசிக் கூட்டம்," என்றார் அதிகாரி.

மங்கை சிரித்த முகத்தோடு பின்னால் திரும்பினாள். ஆண்கள் எல்லோரும் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனியன்குப்பத்து நாட்டார் பரசுராமன், ஊருக்கே தீர்ப்பு சொல்கிற மனிதர், மின்விசிறி சுற்றுவதை அண்ணாந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வகுப்பில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒட்டுமொத்தமாக மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள். எழுந்து நேராகப் பாஸ்கரிடம் போனாள்.

"இன்னா பண்ணி வச்ச?"

"ஒண்ணியும் இல்ல."

"எம்மூஞ்சியப் பாத்து சொல்லு."

பாஸ்கர் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளிக் குட்த்தேன்," என்றான். உண்மையான இடம் எது என்று கேட்கும் முன்பே அவன் மோவாய் திரையிலிருந்த சிவப்புக் கட்டத்தின் பக்கம் போனது.

"எதுக்குய்யா எங்கிட்டயே பீலா வுட்ட?"

"நீ பொன்ராஜு தங்கச்சி. நாள பின்ன உங்க அண்ணனாண்ட வாய் தவறி சொல்டுவியோன்னு..."

மங்கை நடைவழியைத் தாண்டி அண்ணனிடம் போனாள். பொன்ராஜ் அவள் வருவதைப் பார்த்ததுமே தலையைத் தொங்கப் போட்டுவிட்டான். "நீயுமாண்ணா?"

"இன்னாமா பண்ண சொல்ற? உன்னக் கட்டிக் குட்த்தாச்சு. நீ இப்போ முனியன்குப்பத்துக்காரி. உன்னாண்ட சொன்னா மாப்ளயாண்ட சொன்ன மாதிரிதான?"

அவள் இரண்டு பக்கத்து நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றாள். அழுகை முட்டியது. கம்பெனிமேல் வராத ஆத்திரம் இந்த இரண்டு பேர்மேல் வந்தது. அங்கே பிறந்தவள் என்று இவன் நம்பவில்லை, இங்கே வாழ்கிறவள் என்று அவன் நம்பவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக இரண்டு வீட்டிலும் சோறு போட்டதும் நல்லது கெட்டதுக்கு ஓடியதும் யார்? இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போனால் மண் விழும். அவள் மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள்.

"மேடம், என் மேப் தப்பு."

சங்கரநாராயணன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இன்ஜினியர் லேசாகச் சிரித்தார். "கட்டம் போட்ட உடனே மேப் தப்பாயிடுச்சா, டீச்சர்?"

அதிகாரி சிரிக்கவில்லை. "நீங்க சொன்னாப் போதாதும்மா. அங்க மீன் பிடிக்கிறவங்க யாராவது எழுந்து இடத்தைச் சொல்லணும். எல்லார் முன்னாலயும்."

எல்லார் முன்னாலும். அதுதானே சிக்கல். தகப்பன் மகனுக்குத் தவிர வேறு யாருக்கும் சொல்லாததை, எதிர் வரிசையில் பாளையக்குப்பமே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எவன் சொல்வான்? ஒருவரும் அசையவில்லை. அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

மங்கைக்குப் பொறுக்கவில்லை. மைக்கில் வகுப்புத் தமிழ் போய்விட்டது. "இன்னாத்துக்கு ஒளிச்சி வைக்கிறீங்க? நாளிக்கு மண்ண கொட்டுனப்புறம் அத்த யாராண்ட ஒளிக்கப் போறீங்க? எங்கிட்ட சொல்ல வாணாம். நான் யாருக்கும் ஆகாதவ. அந்த அம்மாவாண்டயாச்சும் சொல்லுங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து மைக் கிறீச்சிட்டது.

பாஸ்கர் எழுந்தான். அவள் அழுது அவன் அதிகம் பார்த்ததில்லை. கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாக எண்களைச் சொன்னான். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

இன்ஜினியர் கணினியில் தட்டினார். சிவப்புக் கட்டத்தின் நட்ட நடுவில் ஒரு புள்ளி விழுந்தது.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து பொன்ராஜ் துள்ளி எழுந்தான். "மாப்ள, அது என் எடம்."

"உன் எடமா? இன்னா மச்சான் சொல்ற?"

"எங்கப்பா காட்டுன எடம். போன மாசம் உன்ன அங்க பாத்தப்ப, இன்ஜின் ரிப்பேருன்னு சொன்னியே?"

"நீயும் இன்ஜின் ரிப்பேருன்னுதான சொன்ன?"

"ரெண்டு பேரும் உக்காருங்கடா," என்று பரசுராமன் எழுந்தார். மின்விசிறியை விட்டுவிட்டார். "அது எங்க நைனா கட்டுமரத்துல போயி கண்டுபுடிச்ச எடம்."

அதற்குப் பிறகு மடை திறந்தது போல ஆயிற்று. ஒருவர் பின் ஒருவராக எழுந்து எண் சொன்னார்கள். சிலது கட்டத்தின் ஓரம், சிலது நடு, பாதிக்கு மேல் பாஸ்கர் சொன்ன அதே பாரின்மேல். தனக்கு மட்டுமே தெரியும் என்று ஒவ்வொருவனும் பெண்டாட்டிக்கும் ஒளித்து வைத்திருந்தது ஒரே இடம். அங்கே எதிரே படகைக் கண்டவர்கள் எல்லாம் இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்ப்பது போல நடித்திருக்கிறார்கள். சங்கரநாராயணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"போதும், போதும். சர்வே படகை அனுப்பிச் சரிபார்த்துடுவோம். அதுவரைக்கும் அந்த இடத்தைத் தொடக் கூடாது," என்று அதிகாரி சொல்ல, இன்ஜினியர் சிவப்புக் கட்டத்தை அழித்தார். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "இது எந்தக் குப்பத்து இடம்னு எழுத? ஒரு பேர் சொல்லுங்க."

பாஸ்கர் எழுந்தான். பொன்ராஜும் எழுந்தான். இரண்டு பேருக்குப் பின்னாலும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் மங்கை மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"எங்களுது, மேடம்."

"எங்களுதுன்னா? நீங்க எந்தக் குப்பம்?"

"ரெண்டும்," என்றாள் மங்கை.

இல்லை என்று சொல்ல யாராவது எழுந்திருக்கிறார்களா என்று அதிகாரி மண்டபத்தைப் பார்த்தார். பாஸ்கர் உட்கார்ந்தான். நடைவழிக்கு அந்தப் பக்கம் பொன்ராஜும் உட்கார்ந்தான்.