கழுத்திலிருந்து பாதம்வரை

விடுதியில் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றுதான் அழைத்தார்கள். கைபேசி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி அது. பெரியம்மா அதற்கு வார்டன். தரையில் ஒரு முடி கிடந்தால் அது யாருடையது என்று நிறத்தையும் நீளத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் கட்டடத்துக்குள் கரப்பான்பூச்சி வரவேண்டுமென்றால்கூடப் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வரும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் பெரியம்மாவின் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அக்கா இருந்தது ஒரு முதியோர் இல்லத்தில். பெரியம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த் துணைக்கு இருந்தார். இரவில் பயமாக இருக்கிறது என்று அக்கா கையை விடாததால் அதே கட்டிலில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டார். அங்கே வேலை செய்பவர்கள் பேச்சுக்கு நடுவே கையைச் சொறிந்துகொண்டே இருந்ததை அவர் கவனித்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

திரும்பி வந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆன பிறகு அவருக்கு மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரிப்பு எடுக்கத் தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் பார்க்காமலே, "சூடுதாம்மா, தண்ணி நிறைய குடிங்க" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். போட்டதும் அரிப்பு அடங்கியது. விட்டதும் வந்தது. மறுபடி போட்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெண்களில் யாராவது ஒருத்தி அவர் கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் கால் பிடித்துவிடுவாள். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் பிடித்துவிட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சுருட்டை வந்து சேர்ந்தாள். தலைமுடியால் வந்த பெயர். புதிதாக வந்தவள் என்பதால் மறுக்கத் தெரியாமல், மற்றவர்களைவிட அதிக நாள் கால் பிடித்துவிட்டவளும் அவள்தான். அவள் வந்து மூன்று வாரம் ஆவதற்குள் மேல்மாடிப் பெண்கள் சிலருக்கு விரல் இடுக்கில் அரிப்பு. வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்லவில்லை. பிறகு சுருட்டைக்கும் வந்தது. அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. தொழிற்சாலையில் கையுறையைக் கழற்றிச் சொறிந்துகொண்டிருந்தவளை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு விடுதிக்குத் திருப்பி அனுப்பினார்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் பெரியம்மா அவளை நிற்கவைத்தார்.

"இத்தனை வருஷமா இந்தக் கட்டடத்துல இப்படி ஒண்ணு கிடையாது. குளிக்காம கொள்ளாம எங்கேருந்தோ தூக்கிட்டு வந்து எல்லாருக்கும் ஒட்டிவிட்டிருக்கே."

"நான் தினமும் குளிக்கிறேன் பெரியம்மா" என்றாள் சுருட்டை.

"குளிச்ச லட்சணம் கையிலயே தெரியுதே."

படிக்கட்டுக்கு அடியில் பழைய மெத்தைகள் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கி அவளை அங்கே படுக்கச் சொன்னார். பேசியபோது பெரியம்மா அதை உண்மை என்றே நம்பினார். தன் மணிக்கட்டு அவர் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தார். அதே கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பெரிய படத்தைத் தூக்கிக் காட்டினார். விரல் இடுக்கில் பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய, வளைந்த கோடுகள்.

"இது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள்ள பாதை வெட்டிட்டுப் போகுது, அதுதான் இந்தக் கோடு. அழுக்கா இருந்தாத்தான் வரும்னு இல்ல. ரொம்ப நேரம் தோலோட தோல் ஒட்டி இருந்தா யாருக்கும் வரும்" என்றார்.

பெரியம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே அந்தக் கோடு இருந்தது. ரவிக்கையின் நீளக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நர்ஸ் களிம்புக் குழாய்களைப் பங்கிட்டார். "கழுத்துலேருந்து பாதம் வரைக்கும் பூசணும். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், எதையும் விடக்கூடாது. ராத்திரி பூசி, காலையில குளிக்கணும். துணி, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணியில போடணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை."

"அரிப்பு இல்லாதவங்களும் பூசணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவங்களும்தான். முதல் தடவை பூச்சி ஏறினா அரிக்க ஆரம்பிக்கவே ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அதுக்குள்ள அவங்க இன்னொருத்தருக்குக் கொடுத்திருப்பாங்க. எல்லாரும் ஒரே நாள்ல பூசணும். ஒருத்தர் விட்டுட்டாலும் மத்தவங்க பூசினது தண்டம்."

நர்ஸ் பெரியம்மாவுக்கும் ஒரு குழாயை நீட்டினார். "நீங்களும்தான் அம்மா."

"பூசிக்கிறேன், பூசிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார் பெரியம்மா.

பூசவும் செய்தார். ஆனால் அரித்த இடத்தில் மட்டும். முதுகு எட்டவில்லை. யாரையாவது கூப்பிட்டால் தெரிந்துவிடும். தன் போர்வையைப் பெண்களின் போர்வைகளோடு அண்டாவில் போட்டாலும் கேள்வி வரும். சிரங்கு வந்தவளை ஊரறிய நிற்கவைத்த வாயால் எனக்கும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பழைய களிம்பு வேறு கைவசம் இருந்தது. அரிப்பு அடங்கியது. போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் தடவைக்கான களிம்பு அலமாரியிலேயே இருந்துவிட்டது. கொஞ்ச நாள் கால் பிடிக்க வேண்டாம் என்று பெண்களைத் தடுத்தவர், முழங்கால் வலி தாங்காமல் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்.

சுருட்டை மட்டும் படிக்கட்டு அறையிலேயே இருந்தாள். நன்றாகக் குணமாகட்டும் என்று சொல்லிவிட்டார் பெரியம்மா. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. அதைப் பெரியம்மா தினமும் பார்த்தார்.

மாதம் ஒன்று போவதற்குள் வேறு வேறு அறைகளில் மறுபடியும் அரிப்பு கிளம்பியது. ஒரு தடவை வந்தவர்களுக்கு அடுத்த தடவை சீக்கிரமே அரிக்குமாம். தொழிற்சாலையிலிருந்து கோபமாகத் தொலைபேசி வந்தது. நர்ஸும் வந்தார்.

இந்தத் தடவை அவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. பெரியம்மாவின் அலுவலக அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மருந்து வேலை செய்யலையோ?" என்றார் பெரியம்மா.

"மருந்து சரியாத்தான் இருக்கு. யாரோ ஒருத்தர்கிட்ட பூச்சி மிச்சம் இருக்கு. யார்னு கண்டுபிடிச்சுட்டா முடிஞ்சுது."

"அந்தச் சுருட்டைதான்..." என்று பெரியம்மா இழுத்தார். வாய் தானாகப் பேசிவிட்டது.

"அவளாலதான்னா அவ பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தானே முதல்ல வரணும்? அவளைத் தனியா படுக்கவெச்சிருக்கீங்க. யாரும் அவளோட சேர்ந்து சாப்பிடுறதுகூட இல்ல. அதோட, அவ வந்து மூணு வாரத்துலயே மேல அரிப்பு தொடங்கிடுச்சு. மாசக் கணக்கு சொன்னேனே. அவ வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கு." நர்ஸ் சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு ரூம்லயும் இந்தத் தடவை யாருக்கு முதல்ல அரிச்சுதோ அவங்களை மட்டும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. அவங்களுக்குள்ள என்ன பொதுன்னு பாக்கலாம்."

முதல் பெண் வந்தாள். எந்தப் பிரிவில் வேலை, யாரோடு போகிறாய், யார் துணியை மாற்றிப் போட்டுக்கொள்கிறாய் என்று நர்ஸ் கேட்டார். வேலை முடிந்து விடுதிக்கு வந்ததும் என்ன செய்வாய் என்றும் கேட்டார்.

"டீ குடிப்பேன். துணி துவைப்பேன். சில நாள் பெரியம்மாவுக்குக் கால் பிடிச்சுவிடுவேன்."

இரண்டாவது பெண் வேறு பிரிவு, வேறு மாடி. முதல் பெண்ணோடு அவளுக்குப் பேச்சுவார்த்தைகூட இல்லை. சாயங்காலம் என்ன செய்வாய் என்று கேட்டபோது அவள் ஒருமுறை பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, "கால் பிடிச்சுவிடுவேன்" என்றாள்.

நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பெண்களும் சொன்னதைக் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்றாவது பெண் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்ன சொல்வாள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும்.

"அவளைக் கூப்பிட வேண்டாம்" என்றார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ரவிக்கையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு மணிக்கட்டை மேஜைமேல் வைத்தார்.

நர்ஸ் கையைத் திருப்பிப் பார்த்தார். "எப்ப இருந்து?"

"எங்க அக்காவைப் பாத்துக்கப் போயிட்டு வந்ததுலேருந்து. படம் காட்டுனீங்களே, அன்னைக்கே தெரியும். அரிச்ச இடத்துல மட்டும் பூசினேன்." மற்றக் கையையும் நீட்டினார். "திட்டணும்னா திட்டிடுங்கம்மா."

"திட்டினா பூச்சி போயிடுமா? வேற என்ன போட்டீங்க?"

பெரியம்மா மருந்துக்கடைக் களிம்பை எடுத்துவந்து காட்டினார். அது அரிப்பை மட்டும் அமுக்கும், பூச்சியை வளரவிடும் என்றார் நர்ஸ். முதியோர் இல்லத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு அங்கிருந்தே பேசினார். அங்கே பாதிப் பேருக்கு மேல் சிரங்கு இருந்தது என்பது பிறகு தெரியவந்தது.

நர்ஸ் போன பிறகு பெரியம்மா படிக்கட்டு அறைக்குப் போனார். சுருட்டை மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுருட்டை நகம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப எனக்கு உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சா?"

"ஆமா. என்னை மன்னிச்சிடு கண்ணு."

"என்னைத் திட்டுனப்ப எல்லாரும் இருந்தாங்க. இதை இங்க வந்து தனியா சொல்றீங்க."

பெரியம்மா தன் அறைக்குத் திரும்பினார். அலமாரியிலேயே கிடந்த களிம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். வேலையை விட்டுவிட்டு அக்காவிடமே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்கு வந்து, தட்டுச் சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"சிரங்கு இந்த விடுதிக்கு வந்தது என்னால. சுருட்டை கொண்டு வரல. என்கிட்ட இருந்துதான் அவளுக்கும் வந்துச்சு, உங்களுக்கும் வந்துச்சு. தெரிஞ்ச பிறகும் நான் வாயைத் திறக்கல. அவளைப் பேசினது தப்பு."

பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். கடைசியில் சமையல்காரம்மாதான், "அப்ப போர்வையெல்லாம் மறுபடி வேக வைக்கணுமா?" என்று கேட்டார்.

"ஆமா. என்னோடதும் சேர்த்து."

மறுநாள் விடுதி முழுக்கக் களிம்பு வாசனை. பெரியம்மாவின் முதுகுக்குச் சமையல்காரம்மா பூசிவிட்டார். "இவ்வளவு பெரிய முதுகை வெச்சுக்கிட்டு எப்படித்தான் மறைச்சீங்களோ" என்று சொல்லிக்கொண்டே பூசினார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவையும் ஆயிற்று. அதன்பின் புதிதாக யாருக்கும் வரவில்லை. சிலருக்கு அரிப்பு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பூச்சி செத்தாலும் தோல் உடனே மறக்காது என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை.

"உன் சாமானை எடுத்துட்டு மேல பழைய ரூமுக்குப் போயிடு" என்று பெரியம்மா சுருட்டையிடம் சொன்னார்.

"வேணாம். நான் இங்கயே இருந்துக்கறேன். மேல ரெண்டு பேர் குறட்டை விடுறாங்க."

அது கோபமா, உண்மையிலேயே குறட்டைதானா என்று பெரியம்மாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அவள் இங்கேயே இருப்பதானால் அறையாவது காலியாகட்டும் என்று, பழைய மெத்தைகளை வெளியே எடுக்க ஆள் வரும்வரை காத்திருக்காமல் தானே ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது வாசற்படியில் சிக்கிக்கொண்டது. சுருட்டை எழுந்து வந்து மறுமுனையைத் தூக்கினாள்.

"இந்தப் பக்கம் சாய்ங்க" என்றாள். "இல்லைன்னா வராது."