மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை

அந்த வீட்டில் யாருக்காவது ஊருக்குப் போக வேண்டுமென்று தோன்றினால், பெட்டியைத் தேடுவதற்கு முன்னால் சாப்பாட்டு மேசைக்குத்தான் போவார்கள். அங்கேதான் அக்கா தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். பகலில் அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. முன்பின் பார்த்திராத வாய்களுக்கெல்லாம் மெழுகிலும் மாவிலும் அச்செடுத்து, பல்லைப் பொருத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்புவாள். சாயங்காலம் வீடு வந்து, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளை மாவைச் சுரண்டிவிட்டு உட்கார்ந்தால் டிக்கெட், அறை, வழித்தடம் என்று வேறு வேலை ஆரம்பமாகும். தம்பி குடும்பத்துக்கு மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், தம்பி மனைவி ஓட்டுகிற பள்ளி வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்கள் என்று எல்லோருக்கும் அவள்தான் புக்கிங் ஆபீஸ். பட்டப்பெயரும் அதுதான். "புக்கிங் ஆபீஸ் திறந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் கல்லூரியில் படிக்கிற தம்பி மகள் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பாள்.

இந்த விஷயத்தில் அக்கா படு கறார். தேடியதும் முதலில் வந்து நிற்கிற தளத்தைத் தொடவே கூடாது. அது காசு கொடுத்து வரிசையை முந்தி வந்தது. விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தளம், அறையைப் பிடிக்க ஓட்டலின் சொந்தத் தளம். இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் குஷியில் எழுதியவர்கள், ஒன்று கொடுத்தவர்கள் கோபத்தில் எழுதியவர்கள், மூன்று கொடுத்தவர்களிடம்தான் நியாயம் இருக்கும். ஓட்டல்காரர் போட்ட படத்தில் மெத்தை மட்டும்தான் தெரியும். தங்கிவிட்டுப் போனவர்கள் கோணல்மாணலாக எடுத்த படத்தில்தான் குளியலறை தெரியும். "இன்னும் ஓர் அறைதான், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினால், "பாத்துட்டுப் போகட்டும், காசா பணமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

இவ்வளவும் தெரிந்த அக்கா எந்த ஊருக்கும் போனதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, அது தனிக் கதை, இங்கே வேண்டாம். போகாததற்குக் காரணம் மிகவும் சின்னது. தம்பி குடும்பம் முதன்முதலாகக் கடலோர ஊர் ஒன்றுக்குக் கிளம்பிய வருஷம், மெனக்கெட்டு எல்லாம் தேடியது அவள்தான். எத்தனை பேர் என்று தளம் கேட்டது. அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மூணு போடுக்கா. நீ வரலதானே?" என்றான்.

"இல்ல" என்றாள்.

நடந்தது அவ்வளவுதான். சண்டையில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஓர் 'இல்ல' வீட்டில் சட்டமாகிவிட்டது. மறு வருஷம் யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு வெளியூர் ஒத்துக்காது, செடிகளை விட்டு வரமாட்டாள் என்று ஒரு பேச்சு தானாகக் கிளம்பி, போகப்போக அவளே அதை மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையில் அவளுக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. வரைபடத்தில் தெருவுக்குள்ளேயே இறங்கி நடக்கிற வசதி ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஒவ்வோர் ஊரையும் அவர்களுக்கு முன்பே நடந்து முடித்திருப்பாள். போன இடத்தில் வழி தெரியாமல் விழித்துக்கொண்டு அவர்கள் போன் செய்தால், "ரொட்டிக் கடை தெரியுதா? அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பு" என்று மேசையில் உட்கார்ந்தபடியே சொல்வாள். போனை வைத்த பிறகு வீடு தேவைக்கு மேல் பெரிதாகத் தெரியும். இந்த வருஷமும் கேட்கப் போவதில்லை, நாமாகப் போய்க் கேட்டு நிற்கவும் கூடாது என்று அவள் வீம்பாக இருந்தாள்.

இப்படியிருக்க, ஒரு விடுமுறை நாள் காலையில் தம்பி ஒரு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான். மருந்துக் கடை வைத்திருப்பவன். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். பொய் சொல்ல மட்டும் அவனுக்குச் சுத்தமாக வராது. வாயைத் திறப்பதற்கு முன்பே கை காதைத் தடவப் போய்விடும்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. எனக்கில்ல."

"யாருக்கு?"

"கடைக்கு மருந்து சப்ளை பண்றாரே ஒருத்தர், அவருக்கு. பாவம், அவராவே ஆன்லைன்ல ரூம் போட்டிருக்காரு. சொதப்பிட்டாரு."

"எந்தத் தளம்?"

சொன்னான்.

"தேடினதும் முதல்ல வந்து நின்னுச்சா?"

"ஆமா."

"படிச்ச மனுஷன்தானே அவரு?"

"படிச்சவருதான்" என்றான் தம்பி, கொஞ்சம் ரோஷமாக.

காகிதத்தை நீட்டினான். மேலே பெயர் இருந்த பகுதியை மட்டும் கிழித்தெடுத்திருந்தான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஊர்ப் பெயரை இரண்டு முறை படித்தாள். ஏரிக்கரை ஊர். போன மாதம் முழுக்க அவள் திரையில் நடந்துகொண்டிருந்த ஊர் அது. யார் வேண்டுமானாலும் போகிற இடம்தானே என்று தன்னை அடக்கிக்கொண்டு கீழே படித்தாள். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. குழந்தையின் வயது பதினொன்று.

"இதுல என்ன சொதப்பல்? சரியாத்தானே இருக்கு."

"குழந்தை வந்து... குழந்தை இல்லக்கா."

"அப்புறம்?"

"நாலு பெரியவங்கன்னு போட்டா ரூமே இல்லன்னு சொல்லுதாம். மூணு பெரியவங்க, ஒரு குழந்தைன்னு போட்டா உடனே குடுத்துடுச்சாம். ஒருத்தரைக் குழந்தைன்னு போட்டுட்டா அங்க யாரு வந்து பாக்கப்போறான்னு போட்டுட்டாரு."

"அந்தக் குழந்தைக்கு நிஜமா என்ன வயசு?"

தம்பியின் கை காதுக்குப் போனது. "அம்பத்தெட்டு."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்டது. மீதியைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. எங்கள் சுட்டி விருந்தினருக்காக, என்று ஓட்டல்காரர்கள் ஆசையாக எழுதியிருந்தார்கள். ஒரு குட்டிக் கட்டில். நீச்சல் குளத்தில் இறங்க ஒரு மிதவை வளையம். மாலையில் பொம்மை நாடகம். வளையத்தின் அளவுக்காகக் குழந்தையின் எடையைத் தெரிவிக்கவும்.

"எடையை அனுப்பிட்டாரா?"

"இல்ல. அதுலதான் பயந்துபோய் என்கிட்ட வந்தாரு."

சிரிப்பு அடங்கும்போதுதான், தனக்கும் ஐம்பத்தெட்டு என்பது அவளுக்கு உறைத்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர்களுக்கா பஞ்சம் என்று அதையும் ஓரம் கட்டினாள். ஆசைப்பட்டு ஏமாறுவதைவிட ஆசைப்படாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"சரி, வேற எடம் பாக்கலாம்" என்று மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். "அந்தக் குழந்தைக்கு என்னென்ன வசதி வேணும், சொல்லு."

"அந்தம்மா விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாங்க. சத்தம் ஆகாது. கீழ் மாடியா இருந்தா நல்லது. படி ஏறிடுவாங்க. எறங்கும்போதுதான் இடது முட்டி வலிக்கும். ஆனா யாருகிட்டயும் சொல்லமாட்டாங்க."

அக்காவின் கை மேசைக்கு அடியில் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரிடமும் அவள் மூச்சுவிட்டதில்லை. இறங்கும்போது யாராவது எதிரே வந்தால், ஏதோ மறந்துவிட்டதுபோல் பாதியில் நின்றுகொள்வாள்.

சந்தேகத்துக்கு இனி இடமில்லை. ஆனாலும் அவள் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அவனை ஆடவிட்டுப் பார்க்கலாம் என்றும் இருந்தது, குரல் சரியாக வருமா என்று பயமாகவும் இருந்தது.

"அந்த அம்மா அவருக்கு என்ன உறவு?"

"அ... அத்தை."

"அத்தையோட முட்டிவலி வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காரே."

"கவனிச்சுக்கிட்டேதான் இருப்பாருக்கா. வெளிய சொல்ல வராது."

"வர்றேன்னு சொல்லிட்டாங்களா அந்தம்மா?"

"இன்னும் கேக்கல."

"ரூமைப் போட்டுட்டா ஆளைக் கேக்கறது?"

தம்பி காகிதத்தின் கிழிந்த ஓரத்தை நீவிவிட்டான். "அவங்களுக்கு வெளியூரே பிடிக்காதுன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தாரு. அவரு பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சாங்க. ஒருநாள் கதவுக்கிட்ட நின்னு பாத்தாங்களாம். அந்தம்மா கம்ப்யூட்டர்ல அந்த ஏரிக்கரைத் தெருவுல நடந்துக்கிட்டே இருந்தாங்களாம். ஒரு பெஞ்சு வந்துச்சாம். அங்க நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஏரியவே பாத்துட்டு இருந்தாங்களாம். இவங்க வந்து அவருகிட்ட, அவங்களை யாராவது ஒருத்தர் வாங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. அவரு யோசிச்சுப் பாத்தாரு. அவருக்கு அன்னிக்குச் சோறு எறங்கல."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அக்காவுக்கு முகம் சுட்டது. அந்த பெஞ்சு அவளுக்குத் தெரியும். ஒரு பக்கக் கட்டை உடைந்த பெஞ்சு. தம்பி மனைவி வேன் ஓட்டுகிறவள், பின்னால் வருவதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பழகியவள், அவள் கண்ணில் படாமல் இருக்குமா? முதலில் கோபம்தான் வந்தது.

"இப்பவாவது யோசிச்சாரே. 'வரலதானே'ன்னு கேக்கறது ஒரு கேள்வியாடா? அதுக்கு யாராவது வரேன்னு பதில் சொல்ல முடியுமா?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தம்பி சொல்லிவந்த கதையில் 'வரலதானே' என்ற வார்த்தையை இதுவரை யாருமே சொல்லவில்லை என்று. தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவன் முகத்தில் மெதுவாக வந்து சேர்ந்தது.

"அப்படியா கேட்டாரு?" என்றான். "சத்தியமா அவருக்கு ஞாபகம் இல்லக்கா."

அக்கா காகிதத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"தப்புதான்" என்றான் அவன். "ஆனா அந்தம்மாவும் வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த ஆளு கொஞ்சம் மந்தம். சொன்னாத்தான் புரியும்."

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம் அதில் பொய் இல்லாததுதான். ஊரில் உள்ளவர்கள் எல்லோருக்கும் எது வேண்டும், எது வேண்டாம் என்று குடைந்து குடைந்து கேட்பவள், தனக்கு வேண்டியதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு மானம், மரியாதை என்று பேர் வைத்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ரத்து விதிகளை முதலில் ஒரு வரி விடாமல் படித்தாள். நாளை வரைக்கும் ரத்து செய்யலாம். செய்தாள். குட்டிக் கட்டிலும் மிதவை வளையமும் போய்ச் சேர்ந்தன. பிறகு தெருவின் மறுமுனையில், தன் நினைவில் இருந்த வேறோர் ஓட்டலின் சொந்தத் தளத்துக்குப் போனாள். தோட்டத்தைப் பார்த்தபடி கீழ் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருந்தன. தங்கியவர்கள் எடுத்த படங்களில் குளியலறை சுத்தமாகவே தெரிந்தது. பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் நாலு என்று அழுத்தினாள். தம்பி மூச்சை இழுத்துப் பிடித்தது இவளுக்குக் கேட்டது.

அடுத்து பெயர்கள். அவள் கணினி, சேமித்து வைத்திருந்த பயணிகளை வரிசையாக இறக்கிக் காட்டியது. தம்பி, தம்பி மனைவி, மகள். பக்கத்து வீட்டுப் பெரியவர், அவருடைய மருமகன். மெழுகு உருக்குகிற கூட்டாளி, அவர் மாமியார். இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பேரில் அவள் இல்லை. கடைசியில் 'புதிய பயணியைச் சேர்க்க' என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பேசாமல் அதை அழுத்தித் தன் பெயரை அடித்துவிட்டால் முடிந்தது. தம்பிக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிற்று. அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வரணும்னு இருக்குடா" என்றாள்.

தம்பி அசையவில்லை.

"முதல் தடவையே வரணும்னு இருந்துச்சு. கடலைப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதும் வாசல்ல வந்து நிப்பேன். தெருமுனை திரும்பறதுக்குள்ள நீ ஒரு தடவை திரும்பிக் கூப்பிடுவேன்னு நிப்பேன்."

மருந்து சப்ளைக்காரரை இருவருமே விட்டுவிட்டார்கள்.

"நீ டாட்டா காட்ட நிக்கறேன்னு நெனச்சேன்கா" என்றான். "நானும் திரும்பிக் கையாட்டிட்டுப் போயிட்டேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் போல நேராக நிமிர்ந்துகொண்டு கேட்டான்.

"அக்கா, எங்ககூட வர்றியா?"

"வரேன்" என்றாள்.

தம்பி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தை அழுத்தினான். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவள் பெயரை அடிக்க ஆரம்பித்தான். பாதியில் தப்பாகி, அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தான். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல், அவன் அடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.