இருநூறு டேப்புக்குக் கொடுத்த கை

எங்கள் வரிசையில் ஒருவன் கை கொடுத்தால் கொடுத்ததுதான். பிஷ்கெக் சந்தையில், கப்பலில் சரக்கேற்றுகிற இரும்புப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கடை நடத்துகிறவர்கள் நாங்கள். கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு, ஆகஸ்ட் மாதத்தில் இரண்டுமே அடுப்பு. இங்கே காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் மூன்றாவது ஆள் ஒருவர் சேர்த்துப் பிடித்து, அடிபம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழும் குலுக்கி, "பரக்கத் உண்டாகட்டும்" என்று வாழ்த்திவிட்டால் பேரம் முடிந்தது. ஆட்டுச்சந்தைக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். அதில் எங்கள் வரிசை ஒரு வாலைச் சேர்த்துவைத்திருக்கிறது: கொடுத்த கையிலிருந்து யார் முதலில் பின்வாங்குகிறாரோ அவர் ஆடு அறுத்து வரிசை முழுவதற்கும் போட வேண்டும்.

ஆடு போனால் போகட்டும். அதற்குப் பிறகு அவன் கையை யாரும் பிடிக்க மாட்டார்கள், அதுதான் சங்கடம். சட்டை விற்றுக்கொண்டிருந்த ஒருவன் நாலு வருஷத்துக்கு முன் பின்வாங்கினான். இப்போது டாக்சி ஓட்டுகிறான். அதிலும் ஜனங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் காசை எடுக்கிறார்களாம்.

அப்படிப்பட்ட வரிசையில், மார்ச் மாதம் ஒரு கல்யாண வீட்டில், குதிரைக்கறி உள்ளே போய் இரண்டு கிளாஸும் போன பிறகு, நான் மொத்த வியாபாரி புருல்கான் அக்காவிடம் கை கொடுத்துவிட்டேன். புது மாடல் டேப்லெட் இருநூறு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், ஆகஸ்ட் இருபதுக்குள் அவள் தர வேண்டும், நான் எடுக்க வேண்டும். கையைச் சேர்த்துப் பிடித்தவர் ஓமுர்சாக் அண்ணன். எதிர்ப்பெட்டியில் குக்கர் விற்கிறவர், அன்று பெண்ணின் தகப்பன். மகளைக் கொடுத்த சந்தோஷத்தில் எங்கள் கைகளை அவர் குலுக்கிய குலுக்கலில் எனக்குத் தோள் இரண்டு நாள் வலித்தது.

குடித்ததால் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன். கொரோனா வருஷம், பிள்ளைகளெல்லாம் வீட்டிலிருந்து படித்த நாட்களில், ஒரே வாரத்தில் நூற்றுக்கு மேல் விற்றவன் நான். விலை கேட்காமலே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். போனை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றுகிற ஜனம், டேப்பை ஐந்து வருஷத்திலாவது மாற்றாதா? அன்று வாங்கியவர்கள் எல்லாரும் இந்த வருஷம் திரும்பி வர வேண்டியவர்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜனங்கள்தான் கணக்குக்கு வரவில்லை.

இல்லை, வந்தார்கள். பழைய டேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். "பேட்டரி மாத்தித் தருவீங்களா?" "கண்ணாடி கீறிருக்கு, வேற போடுங்க." மே மாதம் முழுக்கப் புதுசு ஆறு போயிற்று. ஜூனில் மூன்று. ஜூலையில் ஒன்று. அந்த ஒன்றும் ஏதோ ஒரு குலுக்கல் பரிசுக்கு. பரிசு விழுந்தவர் மறுநாளே என்னிடம் கொண்டுவந்து, "இதுக்குப் பதிலா ஒரு போன் குடுத்துடுங்களேன்" என்றார்.

இருநூறும் வந்து இறங்கினால் என் முதல் மொத்தமும் மேல்பெட்டியில் போய் முடங்கும். அதோடு, குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கூரை மாற்றுவதற்கு என் மனைவி ஜிர்கல் சேர்த்திருந்த பணமும். அவள் சத்தம் போடவில்லை. தேநீரை ஊற்றிக்கொண்டே, "கை உங்களுது. கூரை என்னுது. பாத்துக்குங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

எனக்கு இருந்தது ஒரே வழி. பின்வாங்குகிறவன் நானாக இருக்கக் கூடாது, புருல்கான் அக்காவாக இருக்க வேண்டும். தாங்க முடியாத நிபந்தனைகளாக அடுக்கினால் எந்த வியாபாரியும் எழுந்து போய்விடுவார். ஆகஸ்ட் பதினெட்டு, காலை பத்து மணிக்கு, அவள் என் கடைக்கு வந்தாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாரின் மலைப்பக்கத்துக்காரி, ஐம்பது வயது, ஐந்து தங்கப்பல். எட்டு வருஷப் பழக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட இனாமாகக் கொடுத்தவள் இல்லை.

"என்ன தம்பி, கடை காத்தாடுது?"

"காத்தே வரலையேக்கா, எங்க ஆடறது? உக்காருங்க."

ரொட்டியைப் பிய்த்து வைத்தேன், தேநீர் ஊற்றினேன், ஆளுக்கு இரண்டு ஆப்ரிகாட் பழம் தின்றோம். ரொட்டி பிய்க்காமல் பேச்சைத் தொடங்குவது எங்களிடம் இல்லை. பிறகு தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, சரக்கு விஷயம். ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு உறை, நல்ல உறையா, இனாமா வேணும்."

"தர்றேன்."

எனக்குப் பழம் தொண்டையில் நின்றது.

"கண்ணாடி மேல ஒட்டற தாளும்..."

"அதுவும் தர்றேன்."

"புத்தாண்டுக்குள்ள விக்காததை நீங்க திருப்பி எடுத்துக்கணும்."

இந்த இடத்தில் அவள் எழுந்திருக்க வேண்டும். உலகத்தில் எந்த மொத்த வியாபாரியும் எழுந்திருப்பார். புருல்கான் அக்கா பழக்கொட்டையை மெதுவாக ஓரத்தில் வைத்தாள்.

"எடுத்துக்கறேன். ஆனா தம்பி, எனக்கும் ஒண்ணு வேணும். முழுப் பணத்தையும் இன்னிக்கே குடுத்துடு. சரக்கு வர்றதுக்கு முன்னாலயே."

இப்படி ஒரு நிபந்தனையை இந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. 'முடியாதுக்கா' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பின்வாங்கியவன் நான். விழுங்கினேன்.

"தர்றேன்."

அவள் முகம் ஏன் அப்படி வாடியது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"சரக்கை நீயே சீன எல்லைக்கு, தோருகார்ட் கணவாய் வரைக்கும் லாரி கொண்டுபோய் எடுத்துக்கணும்."

"போறேன். ஆனா டேப் வர்ற அட்டைப்பெட்டியெல்லாம் நீல நிறமா இருக்கணும். கறுப்பு ஒண்ணு இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

"நீலமாவே தர்றேன்!" என்று அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். நெற்றியில் வேர்வை. எனக்கு முதுகில் வேர்வை.

எதிர்ப்பெட்டி வாசலில் ஸ்டூல் போட்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஓமுர்சாக் அண்ணன் குரல் கொடுத்தார். "என்னப்பா நடக்குது அங்க? என் பொண்ணுக்கு சம்பந்தம் பேசினப்போகூட இவ்வளவு ஒத்துமை இல்லயே! யாருக்காவது உடம்பு சரியில்லயா?"

அந்த நேரத்தில்தான் ஷார்குல் வந்தாள். சந்தை வாசலில் தந்தூர் அடுப்பில் சம்சா சுடுகிறவள். துண்டில் சுற்றிய ஒன்றை என் மேசையில் வைத்துப் பிரித்தாள். கொரோனா வருஷம் நானே விற்ற டேப். ஓரமெல்லாம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, சார்ஜ் நிக்க மாட்டேங்குது. ஒரு பேட்டரி போட்டுக் குடுங்க."

புருல்கான் அக்கா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இதைப் போய் ரிப்பேர் பண்ணிட்டு? புதுசு ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"எதுக்குக்கா? இதான் ஓடுதே."

"புதுசு வேகமா ஓடும்."

"காலைல சின்னவனுக்குப் பொம்மைப்படம். அது ஓடினாத்தான் அவன் வாயைத் திறப்பான், கஞ்சி உள்ள போகும். மத்தியானம் மாமனார் குதிரைப் பந்தயம் பாப்பாரு. புதுசுல பாத்தா குதிரை வேகமா ஓடுமா?"

"படம் பளிச்சுன்னு தெரியும்மா!"

"அவரு மூக்குக்கண்ணாடியே போட மாட்டேங்கறாரு. ஜெயிச்சது கறுப்புக் குதிரைன்னு தெரிஞ்சாப் போதும் அவருக்கு. மத்த வேலையெல்லாம் போன்லயே ஆயிடுது. போனும் இப்ப ரொட்டி அகலத்துக்கு வந்தாச்சு."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "போன மாசம் புதுப் போன் வாங்கினியே, பழசு என்ன உடைஞ்சா போச்சு? அதை மட்டும் மாத்தறே?"

ஷார்குல் என்னை, இவ்வளவு வருஷம் கடை நடத்தி இது தெரியவில்லையா என்பது போலப் பார்த்தாள். "அண்ணே, போன் விருந்துக்குக் கூட வருது. சாப்பாட்டு மேசைல வெச்சா என் நாத்தனார் கண்ணு மொதல்ல அதுமேலதான் விழும். 'புதுசா? எப்ப வாங்கினே? எங்களுக்கு விருந்து எங்கே?'ம்பா. இது வீட்டுல மெத்தை அடுக்குக்கு நடுவுல கிடக்குது. மெத்தைக்குள்ள கிடக்கறது புதுசா பழசான்னு எந்த நாத்தனாருக்குத் தெரியப் போகுது? யாரும் பாக்காததுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டுவாங்களா? கீழ விழறதும் இல்ல, பஸ்ஸுல தொலையறதும் இல்ல. இது எங்க மாமனாரோட சேந்து எங்க எல்லாரையும் மண்ணுக்கு அனுப்பிட்டுத்தான் போகும். சாயந்திரம் வர்றேன், போட்டு வைங்க. கூட நாலு சம்சா வேணுமா? இப்பத்தான் எடுத்தேன்."

அவள் போய்விட்டாள். நானும் புருல்கான் அக்காவும் அந்த மாவு படிந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து வருஷமாகியும் ஒரு கீறல் இல்லை. நான் விற்றதிலேயே நல்ல சரக்கு, எனக்கு அதுவே வினையாக வந்திருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "நீ பின்வாங்கறியா?"

"நான் ஏன் வாங்கறேன்? நீங்க வாங்கறீங்களா?"

"நான் எதுக்கு?"

விதைத் தோலைத் துப்பிவிட்டு ஓமுர்சாக் அண்ணன் எழுந்து வந்தார். ஒரு கையில் குளிர்ந்த மக்சிம் டம்ளர், எங்கள் ஊர் வெயிலுக்குக் குடிக்கிற புளித்த கூழ். வாசலில் நின்று அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, இன்னிக்குப் பதினெட்டு. சரக்கு இப்ப எங்க இருக்கு?"

"வழியில."

"எந்த வழியில?"

"வர்ற வழியில."

"லாரிக்காரன் பேரு?"

ஐந்து தங்கப்பல்லும் உதட்டுக்குள் போய் மறைந்தன. அவள் தலைத்துண்டின் நுனியால் நெற்றியைத் துடைத்தாள்.

"சரக்கும் இல்ல, லாரியும் இல்ல. நான் சொல்லியே அனுப்பல. மே மாசமே இவன் கடைப் பக்கம் ரெண்டு தடவை நடந்து பாத்தேன், உள்ள இவனைத் தவிர ஒரு மனுஷன் இல்ல. ஓஷ் நகரத்துலயும் அப்படித்தான், கராகோல்லயும் அப்படித்தான். இருநூறை இறக்கினா இவன் மூழ்கிடுவான், இவன் மூழ்கினா நாளைக்கு நான் யாருக்கு விக்கறது? ஆனா கை குடுத்துட்டேனே! இவனே வாயைத் திறந்து வேண்டாம்பான், வேண்டாம்பான்னு மூணு மாசமா பாக்கறேன். கழுதை, நீல நிறம் கேக்கறான்!"

கேளுங்கள், அந்த நிமிஷம் எனக்கு ஒரு வேலைதான் பாக்கி. பேசாமல் இருப்பது. அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாள். ஆடு அவளுடையது, அவமானம் அவளுடையது, என் கை சுத்தம், ஜிர்கலின் கூரை பத்திரம். ஓமுர்சாக் அண்ணன் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். டாக்சி ஓட்டுகிறவனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. புருல்கான் அக்காவை டாக்சி ஓட்டுகிறவளாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாரின்காரிகள் வளைவில் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

"அண்ணே," என்றேன், "நீங்க அவங்க சொன்னதை மட்டும் கேட்டீங்க. நான் காலைல இருந்து அவங்களை ஓட வைக்கத்தான் பேசிட்டிருக்கேன். உறை, தாளு, நீலப் பெட்டி எல்லாம் அதுக்குத்தான். நான் ஏப்ரல்லயே மனசுக்குள்ள பின்வாங்கிட்டேன்."

"அப்ப யாரு முதல்?"

"அதைத்தான் நீங்க சொல்லணும்."

அதற்குள் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் தாடையைத் தடவினார். "சேத்த கை ரெண்டும் ஒரே நேரத்துல பிரிஞ்சா முதல் ஆளுன்னு யாரும் இல்ல. பிடிங்க கையை. நான் மூணு எண்ணுவேன், ரெண்டு பேரும் சேந்து எடுத்துடணும்."

பிடித்தோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இரண்டு கையும் அப்படியே இருந்தன. அவள் எடுப்பாள் என்று நான், நான் எடுப்பேன் என்று அவள்.

கூட்டம் சிரித்தது. "மறுபடியும். ஒண்ணு, ரெண்டு, மூணு!" கை இன்னும் இறுகியது. அவள் மோதிரம் என் விரலில் பதிந்தது.

"ஏன்க்கா எடுக்கல?"

"நீ ஏன்டா எடுக்கல?"

"யாவாரிங்க ரெண்டு பேரும் சாகற வரைக்கும் இப்படியே நிப்பீங்க," என்று சொல்லிவிட்டு ஓமுர்சாக் அண்ணன் டம்ளரிலிருந்த ஐஸ் போன்ற மக்சிமை எங்கள் கைகள்மேல் கவிழ்த்தார்.

இருவரும் ஒரே கத்தலாகக் கத்தினோம். ஒரே நேரத்தில் கையை உதறினோம். யார் முதல் என்று அங்கிருந்த முப்பது பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "பிரிஞ்சது! பரக்கத்!" என்று அண்ணன் கூவினார். புருல்கான் அக்கா ஈரக்கையை என் சட்டையிலேயே துடைத்தாள். நான் இரும்புப் பெட்டியின் சுவரில் சாய்ந்து நின்றேன். வெயிலில் அது முதுகைச் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று அப்படியே நின்று, மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மூச்சை முழுசாக இழுத்து விட்டேன். பிறகு ஜிர்கலுக்குப் போன் போட்டேன். "கூரைக்காரனை வரச் சொல்லு" என்றதும் அவள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

வரிசை சும்மா விடுமா? ஆட்டை ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசை நடுவில் துணி விரித்து, கறியும் வேகவைத்த மாவுப்பட்டையும் தட்டுத் தட்டாக வந்தன. பெரியவருக்கென்று வைக்கிற ஆட்டுத்தலை ஓமுர்சாக் அண்ணனுக்குப் போயிற்று. ஷார்குல் சம்சாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பேட்டரி நன்றாக நிற்கிறது, மாமனாரின் குதிரை தோற்றதற்கும் நான்தான் பொறுப்பு என்றாள்.

எதிரே புருல்கான் அக்கா விரலிலிருந்த கொழுப்பைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். "தம்பி, பழைய டேப்புக்குப் போடற பேட்டரி ஒரு ஐநூறு இருக்கு. கண்ணாடியும் கூடத் தர்றேன். என்ன சொல்றே?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

நான் முன்னாலிருந்த தொடைக்கறியை எலும்போடு தூக்கி, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"முதல்ல சாப்பிடுவோம்க்கா," என்றேன்.